குதிகால் படாத தடம்

கண்ணாடி அலமாரியின் மேல்தட்டிலிருந்த ஷூ இடது காலுக்கு வளைந்திருந்தது.

பெனிஷா முதலில் அதைக் கண்ணாடியின் கோளாறு என்றுதான் நினைத்தாள். மார்கழிச் சாயங்காலம், வெளிச்சம் சீக்கிரமே மங்கிவிடுகிற நேரம், அவளுடைய சின்ன அறையின் டியூப்லைட் வேறு நினைத்தால் எரிவதும் நினைத்தால் அணைவதுமாக இருந்தது. கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். கோளாறெல்லாம் இல்லை. பெருவிரல் பக்கம் புடைத்து, உள்வளைவு குழிந்து, யாரோ நாள் முழுக்க மாட்டிக்கொண்டு அலைந்துவிட்டு இப்போதுதான் கழற்றி வைத்த மாதிரி இருந்தது.

பாலே ஷூவுக்கு இடது வலது கிடையாது. இரண்டும் ஒரே கட்டையில் ஒரே அச்சாகச் செய்யப்படுகிறவை. மாட்டுகிறவளின் காலில் கிடந்து வளைந்த பிறகுதான் இது இடது, இது வலது என்று பிரியும். கம்பெனிக்கு யார் வந்தாலும் இதைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறவள் பெனிஷாதான். அதனால் பூட்டிய அலமாரிக்குள், எந்தக் காலும் நுழையாத ஒரு ஷூ வளைந்திருப்பதை அவளால் சும்மா விட முடியவில்லை. சாவி அவள் கைப்பையில்தான் இருந்தது.

எடுத்துத் திருப்பினாள். குதிகால் புத்தம் புதிதாக இருந்தது. முனைதான் தேய்ந்திருந்தது, தரையில் இழுத்து இழுத்து நடந்தது போல. அவளுக்குத் தெரிந்து அப்படி நடந்தவள் ஒருத்திதான். அந்த நினைப்பு வந்ததும் பயத்துக்கு முன்னால் வெட்கம் வந்து முகம் சுட்டது. ஷூவை இருந்த இடத்திலேயே வைத்து, வளைவு தெரியாதபடி சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டுப் பூட்டினாள்.

அது அவளுடைய சித்தப்பா தவசிமுத்துவின் கம்பெனி. திருவொற்றியூரில், கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு பழைய கிடங்கின் மாடியில் நடக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ ஆடுவதற்கு இந்தப் பக்கம் பெண்கள் உட்கார்ந்து ஷூ செய்கிறார்கள். வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள். பாலே ஆட்டத்தைப் போனில் தவிர வேறெங்கும் பார்த்தவர்கள் அவர்களில் ஒருத்திகூட இல்லை. பெனிஷா அவர்களுக்கு சூப்பர்வைசர்.

அலமாரியில் இருப்பவை வெளிநாட்டுக் கம்பெனி பார்வைக்காக அனுப்பிவைத்த ஐந்து ஷூக்கள், தட்டுக்கு ஒன்று. வருகிறவர்களிடம் அவள் மேலிருந்து கீழாகச் சொல்லிக்கொண்டு வருவாள். மேல்தட்டில் குதிகாலும் பக்கிளும் வைத்தது. அரண்மனைகளில் ஆடிய காலத்தில் அதைப் போட்டுக்கொண்டுதான் ஆடினார்களாம். துள்ளிக் குதிக்க இடைஞ்சல் என்று பிறகு குதிகாலை எடுத்துவிட்டார்கள்; இரண்டாம் தட்டில் இருப்பது கணுக்காலில் ரிப்பன் கட்டிக்கொள்கிற வெறும் பட்டுச் செருப்பு. விரல் முனையில் நிற்கிற ஆசை வந்ததும் அதே செருப்பின் முனையை நூலால் தைத்துத் தைத்துக் கெட்டியாக்கினார்கள், அது மூன்றாவது. நூல் எத்தனை நேரம் தாங்கும்? அடுத்து வந்தவர்கள் சாக்குத் துணியும் காகிதமும் அடுக்கி, மாவுப் பசை தடவிக் காயவைத்து முனையில் ஒரு கூடு கட்டினார்கள், பாதத்துக்கடியில் தோல் பட்டை வைத்தார்கள், நாலாவது. கடைசித் தட்டில் இந்தக் காலத்து ஷூ. கூடும் பட்டையும் பிளாஸ்டிக், உள்ளே நுரை மெத்தை, எல்லாம் சொலூஷன் போட்டு ஒட்டியது. மேடையில் டொக் டொக்கென்ற சத்தமே வராது. ஆடுகிறவள் தரையைத் தொடாமல் மிதப்பது போலத் தெரிய வேண்டும், இத்தனை பாடும் அதற்குத்தான் என்று பெனிஷா முடிப்பாள். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

கம்பெனி தொடங்கியபோது நாலாவது தட்டு ஷூதான் செய்தார்கள். ஹாலெல்லாம் போஸ்டர் ஒட்டுகிறவனின் வாளி மாதிரி மைதா பசை வாடை வீசும். ஜன்னல்கள் திறந்தே கிடக்கும். பிறகு ஐந்தாவது தட்டுக்கு ஆர்டர் வந்தது. பசை வாளி போய் சொலூஷன் டின் வந்தது. அந்தச் சமயம் பார்த்து ஒரு சரக்கு முழுசாகத் திரும்பி வந்தது. ரோஜா நிற சாட்டினில் சாம்பல் புள்ளிகள். அந்தப் பக்கத்துக் காற்று அப்படி. வடக்கேயிருந்து அடித்தால் எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல், தெற்கேயிருந்து அடித்தால் லாரிக் கரி. கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையை உதறாமல் யாரும் எடுப்பதில்லை. பெனிஷாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஸ்டூல் போட்டு ஏறி, ஹாலின் ஜன்னல் ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, ஓரமெல்லாம் பிரவுன் டேப்பால் ஒட்டினாள். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையையும் விடவில்லை. அதற்கப்புறம் ஒரு புள்ளி விழவில்லை. சித்தப்பா எல்லோர் முன்னாலும் அவளை மெச்சினார். சொலூஷன் நெடி வெளியே போக வழியில்லாமல் போனது அவளுக்குத் தெரியாமலில்லை. அவள் அறையில் மட்டும் ஒரு ஜன்னல் திறந்திருந்தது.

சொலூஷன் டின்னுக்கு நேர் முன்னால், கூடு ஒட்டுகிற பெஞ்சில் உட்கார்ந்தவள் செங்கொடி. வியாசர்பாடிக்காரி, பெனிஷாவின் வயசு, வாய் ஓயாது. பழுப்பு நிற சாட்டின் முதல்முறை வந்தபோது அதைத் தன் கையோடு சேர்த்துவைத்துப் பார்த்துச் சிரித்தாள். இத்தனை காலமும் கறுத்த பெண்கள் ரோஜா நிற ஷூவை வாங்கி அதன்மேல் பூச்சுப் பூசிக்கொண்டு ஆடினார்களாம், இப்போதுதான் அவர்கள் நிறத்திலேயே செய்கிறார்கள் என்று பெனிஷா விளக்கினாள். செங்கொடிக்கு வேறொன்று தோன்றியது.

“இந்தக் கலர்ல தூசு வுய்ந்தா யாருக்குத் தெரியப்போவுது மேடம்? ஜன்னல தொறந்து வுடேன். மண்ட இடிக்குது.”

நியாயமான பேச்சுதான். ஆனால் டேப்பைப் பிய்த்தால் அடுத்த ரோஜா நிற ஆர்டருக்கு மறுபடி ஸ்டூல் ஏற வேண்டும். அப்புறம் பார்க்கலாம் என்று பெனிஷா நகர்ந்துவிட்டாள்.

சில மாதங்களில் செங்கொடியின் இடது கால் மரத்தது.

“கால்ல செருப்பே நிக்க மாட்டங்குது மேடம்,” என்று ஒருநாள் அறைக்கு வந்து சொன்னாள். படியேறும்போது கழன்று விழுமாம்; கழன்றதுகூடத் தெரியாதாம். பாதத்தைத் தூக்க முடியாமல் விரல்கள் கீழ்நோக்கித் தொங்கின. அதனால் முட்டியை உயரத் தூக்கி, விரல் முனையை முதலில் ஊன்றி, மேடையில் ஆடுகிறவள் மாதிரியே நடந்தாள். பெண்கள் ‘டான்ஸு’ என்று பெயர் வைத்துக் கேலி செய்தார்கள், செங்கொடியும் சேர்ந்து சிரித்தாள், பெனிஷாவும் சிரித்தாள். அன்று வீட்டுக்குப் போய் போனில் தேடி, ஷூ ஒட்டுகிற பசையின் நெடியால் கால் நரம்பு செத்துப்போகும் என்று படித்தாள். படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மழை பிடித்த ஒரு மத்தியானம், டீக்கு இறங்கும்போது செங்கொடி மாடிப்படியின் மேல்படியிலிருந்து உருண்டாள். விழுந்த இடத்தில் கண் திறந்துதான் கிடந்தாள், கையை நீட்டினாள். தெருவிலிருந்தவர்கள் தூக்க ஓடிவந்து என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். பெனிஷா மேலே நின்றபடி பதில் சொன்னாள்.

“கொஞ்ச நாளாவே தள்ளாடிக்கிட்டுத்தான் வரும். கிட்ட போனா வாடை அடிக்கும்.”

தள்ளாட்டம் நிஜம். வாடையும் நிஜம், சொலூஷன் வாடை. குடி என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. வியாசர்பாடிக் கூலிக்காரி என்றதும் மிச்சத்தை அவர்களாகவே நிரப்பிக்கொள்வார்கள் என்று தெரிந்தே நிறுத்திக்கொண்டாள். ஓடிவந்தவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். நீட்டிய கைக்கும் அவர்களுக்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுந்தது. பெனிஷா சொன்னது செங்கொடியின் காதிலும் விழுந்தது; மேலே நிமிர்ந்து பெனிஷாவைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. விசாரிக்க வந்த அதிகாரியிடமும் பெனிஷா அதே இரண்டு வாக்கியங்களைத்தான் சொன்னாள். செங்கொடியின் புருஷன் லட்சுமணன் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

கருமாதி முடிந்த கையோடு சித்தப்பா ஒரு தர்மம் செய்தார். செங்கொடியின் மகள் மகிழினிக்கு அம்மாவின் வேலையைக் கொடுத்தார். அதே பெஞ்ச், அதே டின். பெனிஷா அக்கா சொல்லித்தான் வேலை கிடைத்தது என்று அந்தப் பெண் நம்பினாள். வீட்டுப் பக்கத்து பர்மா நூடுல்ஸ் கடையிலிருந்து சூடாக அத்தோ வாங்கி, அக்காவுக்கென்று தனிப் பொட்டலம் கட்டி எடுத்துவருவாள். பெனிஷா கதவைச் சாத்திக்கொண்டு அதைத் தின்பாள். தொண்டையில் இறங்காது. இறங்காவிட்டாலும் தின்பாள், குப்பையில் போட்டு அவள் பார்த்துவிட்டால் அதைவிடக் கேவலம்.

மேல்தட்டு ஷூ வளைந்திருந்த அன்று காலையில்தான் மாடிப்படியில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. மகிழினியுடையது. இடது.

அன்றே டேப்பைப் பிய்த்திருக்க வேண்டும், இந்தப் பெண்ணைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லி வெளியே அனுப்பியிருக்க வேண்டும் என்பது பெனிஷாவுக்குத் தெரியாதா? எல்லாம் தெரியும். டேப்பைப் பிய்த்தால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதற்குப் பதில் சொன்னால், அப்போதே ஏன் செய்யவில்லை என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். செருப்பை எடுத்து வந்து மகிழினியின் காலடியில் வைத்தாள். அந்தப் பெண் பதறி, நீ போய் என் செருப்பைத் தொடலாமாக்கா என்றாள்.

அடுத்து இரண்டாம் தட்டு. பட்டுச் செருப்பின் ரிப்பன் கணுக்கால் சுற்றளவுக்கு முடிச்சுப் போட்டு இறுகியிருந்தது, முனையில் பட்டு கிழிந்து நூல் தெரிந்தது. இடது காலுக்கு வளைந்திருந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து மூன்றாவது. தையல் பிரிந்து, முனை நூலெல்லாம் கரி படிந்து தட்டின் ஓரத்தில் தொங்கியது. பெனிஷா அலமாரிச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில், சிலுவையோடு சேர்த்துக் கோர்த்துக்கொண்டாள்.

சத்தம் அப்போது தொடங்கியது. பெண்கள் வேன் ஏறிப் போன பிறகு, தெருவில் லாரிகளின் உறுமல் ஓய்ந்து, தையல் மெஷின்களின் சூடான எண்ணெய் வாடை மட்டும் மிஞ்சியிருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில், ஹாலின் மூலையிலிருந்து காய்ந்த மரத்தை விரல் மடக்கித் தட்டுவது போல ஒரு டொக் கேட்கும், அப்புறம் மூச்சு வாங்குகிற அளவுக்கு ஒரு நிறுத்தம், அப்புறம் இன்னொரு டொக். எலியென்று எடுத்துக்கொள்ளலாம்தான். எலி முட்டியை உயரத் தூக்கி நடக்காது. சத்தம் ஹாலைக் கடந்து, கண்ணாடி அலமாரி வரைக்கும் வந்து, நின்றுவிடும்.

நாலாவது ஷூ ஈரமாக இருந்தது. பசைக் கூடு இளகி, விரல்கள் அழுந்திய பள்ளம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. உள்ளே கை விட்டாள். சூடு. இப்போதுதான் கால் வெளியே வந்திருக்கிற சூடு. கையை முகர்ந்தால் மாவு வாடை, வியர்வை வாடை, அதற்கடியில் சொலூஷன். பெனிஷா கையைப் புடவையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். நாளைக்குக் கட்டாயம் சொல்லிவிடுவது என்று ஏசுவின் பேரில் ஆணையிட்டுக்கொண்டாள். மறுநாள் சொல்லவில்லை.

அந்த வாரக் கடைசியில் பழுப்பு நிற ஆர்டர் கப்பலேற வேண்டும். மற்றவர்கள் போய்விட்டார்கள். கடைசி ஜோடிகளை ஒட்டி முடித்துவிட்டு வருகிறேன் என்று மகிழினி மட்டும் தங்கினாள். வெளியே பொழுது சாய்ந்து, லாரிகளின் முன்விளக்குகள் எரியத் தொடங்கிய நேரம். பெனிஷா அறையில் உட்கார்ந்து சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

சத்தம் வரவில்லை.

கொஞ்ச நேரம் நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு அலமாரியைப் பார்த்தாள். கடைசித் தட்டு காலி. பூட்டு பூட்டியபடி இருந்தது. மேலே இருந்த நாலும்கூட இல்லை.

அவள் வாயாலேயே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள். இந்தக் காலத்து ஷூ. சத்தமே வராது.

ஹாலுக்கு ஓடினாள். ஒரே ஒரு விளக்கின் கீழே மகிழினி குனிந்து வேலை செய்துகொண்டிருந்தாள். அலமாரி ஷூக்களை எடுத்தாயா என்று கேட்டதற்கு, இல்லையே என்று நிமிர்ந்து சிரித்தாள். அவள் பெஞ்சுக்கடியில் இடது பாதம் ஒரு பக்கமாகத் துவண்டு கிடந்தது. ஹாலில் நெடி கண்ணை எரித்தது. மூலைகளெல்லாம் இருட்டு. எந்த மூலையென்று தெரியவில்லை. எந்த மூலையாகவும் இருக்கலாம்.

பெனிஷா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். டேப்பில் நகத்தை நுழைத்துக் கிழித்தாள். பிளாஸ்டிக் ஷீட் படபடத்துப் பிய்ந்து வந்தது, ஜன்னல் கதவு முனகித் திறந்தது. வாடைக்காற்று உள்ளே பாய்ந்தது. கூடவே சாம்பல், பொடிப்பொடியாக, பெஞ்சின் மேலும் தரையின் மேலும் பழுப்பு சாட்டின் மேலும் இறங்கியது. சரக்கு வீணாகிவிடுமே என்று மகிழினி எழுந்தாள்.

“இந்தக் கலர்ல தெரியாது,” என்றாள் பெனிஷா. சொல்லும்போதே குரல் உடைந்தது. செங்கொடியின் பேச்சு அது. ஆனாலும் மனசு லேசானது. செய்துவிட்டோம், இதோ செய்துவிட்டோம் என்றிருந்தது.

அப்போது தரையைப் பார்த்தாள்.

மாடிப்படிக் கதவருகில், புதிதாகப் படிந்த சாம்பலில், ஒரு தடம். ரூபாய்க் காசு அகலம். விரல் முனை மட்டும். குதிகால் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது விழுந்தது. சத்தமில்லை. அடுத்தது. பெஞ்சுகளுக்கு நடுவில். அடுத்தது. மகிழினியின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

மகிழினி எதையும் பார்க்கவில்லை. அவள் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நாளாக நெஞ்சில் வைத்திருந்ததைக் கேட்கிறவளின் முகம்.

“அக்கா, எங்கம்மா அன்னிக்கி குடிச்சிருந்திச்சா?”

பெனிஷா கிழித்த டேப்பை விரலில் சுற்றினாள்.

“எங்கப்பா அதயே நென்ச்சினுகீறாரு. சோறு எறங்க மாட்டங்குது அவருக்கு. நீதான் அன்னிக்கி கூட இருந்த. நீ சொன்னா நான் நம்புவேன்கா.”

இல்லை என்ற ஒரே வார்த்தை போதும். அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கூடவே டேப் வந்தது, கவிழ்த்து வைத்த போன் வந்தது, மேல்படியில் நின்று சொன்ன பேச்சு வந்தது, தின்ற அத்தோ எல்லாம் வந்தது. இந்தப் பெண்ணின் கண்ணில் இருக்கிற பிரியம் இன்னும் ஒரு நொடியில் என்னவாகும் என்று தெரிந்தது. அந்தக் கண் முன்னால் நிற்கிற தைரியம் பெனிஷாவுக்கு இல்லை.

“தெரியலைம்மா,” என்றாள். “எனக்குத் தெரியலை.”

சாம்பலில் நின்ற தடம் திரும்பியது.

அவளை நோக்கி. ஒன்று. இன்னொன்று. ஸ்டூலுக்கடியில் வந்து நின்றது. இறங்கி ஓட நினைத்தாள். இறங்கிவிட்டாள். செருப்பு கழன்று கிடப்பதைக் கண்ணால் பார்த்தபோதுதான் கழன்றது தெரிந்தது. இடது கால் இல்லாதது போலிருந்தது. பிறகு வலது. பாதங்கள் இரண்டும் தானாகக் கீழ்நோக்கித் தொங்கின. முட்டி உயர்ந்தது. அவள் தூக்கவில்லை. விரல் முனை ஊன்றியது. அவள் ஊன்றவில்லை. குதிகால் தரையைத் தேடியது. தரை கிடைக்கவில்லை.

அவள் மேலிருந்து சொலூஷன் நெடி குப்பென்று கிளம்பியது. பெஞ்சைப் பிடித்துத் தள்ளாடினாள். கையை நீட்டினாள்.

மகிழினி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

“அக்கா... குடிச்சிகீறியா?”

கேட்டுவிட்டு ஓரடி பின்வாங்கினாள். அன்றைக்கு மாடிப்படிக்குக் கீழே விழுந்த அதே இடைவெளி. அதே அளவு. இல்லை, இது கால், உங்கம்மாவுக்கும் இதேதான், எல்லாம் நான்தான் என்று சொல்ல பெனிஷா வாயைத் திறந்தாள். இப்போது சொல்லிவிட நிஜமாகவே துடித்தாள்.

“கால்ல செருப்பே நிக்க மாட்டங்குது,” என்றது வாய்.

கால்கள் அவளை மாடிப்படிக் கதவுக்குக் கொண்டுபோயின. முட்டி உயர, முனை ஊன்ற. முட்டி உயர, முனை ஊன்ற. சாம்பலில் ஏற்கெனவே விழுந்திருந்த தடங்களில் அவள் விரல்கள் பிசகாமல் பொருந்தின. சத்தமே இல்லை. தரையைத் தொடாமல் மிதப்பது போலத்தான் இருந்தது.

கதவு திறந்திருந்தது. தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சம் படிகளில் கிடந்தது. படிக்கு ஒன்றாக ஐந்து ஷூக்கள், யாரும் போடாமல், முனையில் நின்றுகொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் கீழே பக்கிள் வைத்தது. அதற்கு மேலே ரிப்பன் கட்டியது. அதற்கு மேலே நூல் பிரிந்தது. அதற்கு மேலே ஈரமானது. அதற்கு மேலே இந்தக் காலத்தது. எல்லாம் இடது கால்.

அவற்றுக்கெல்லாம் மேலே, மேல்படி காலியாக இருந்தது. அதன் விளிம்பில் பெனிஷா விரல் முனையில் நின்றாள், குதிகால்கள் இரண்டும் காற்றில்.